திருப்பத்தில் நின்ற படவண்டி

படவண்டி சாரம்மாள் என்றால் அந்தக் காலத்தில் தாமிரபரணிக் கரையில் தெரியாத ஊர் குறைவு. படம் பிடித்தவர் என்னவோ அவள் புருஷன் ஞானையாதான். பெயர் மட்டும் அவளுக்குப் போய்விட்டது. அதில் அவருக்குக் கடைசிவரை ஒரு மனத்தாங்கல் உண்டு. என்ன செய்வது? ஒவ்வொரு ஊருக்குள்ளும் முதலில் நுழைகிற முகம் அவளுடையது.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. பாளையங்கோட்டை அச்சுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தபோது ஞானையா படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். கடையும் போட்டார். படம் எடுத்துக்கொள்ளக்கூடிய தைரியசாலிகள் எல்லாரும் ஒரே வருஷத்தில் எடுத்து முடித்துவிட்டார்கள். மற்றவர்கள், படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷரிடம் சாரம்மாள்தான் சொன்னாள்: "கடை இங்கன இருந்தா ஊர் வராது அத்தான். கடையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போவோம்."

அவள் பேச்சுக்குச் சொன்னாள். அவர் நிஜமாகவே கடையைச் சக்கரத்தில் ஏற்றிவிட்டார். நான்கு சக்கரம், அதன் மேல் ஒரு சின்ன வீடு அளவுக்கு மரப்பெட்டி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சன்னல். உள்ளே ஒரு மூலையில் கறுப்புத் துணி தொங்கும் இருட்டறை, மறு மூலையில் பாயும் சட்டிபானையும். இழுக்க இரண்டு சோடி மாடு. படத்தைத் தகரத் தகட்டில் பிடித்து, உள்ளேயே கழுவி, வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்துக்குள் கையில் கொடுத்துவிடுவார்கள்.

ஓட்டுவது பெரிய காரியமில்லை, மாடு இழுத்துவிடும். நிறுத்துவதுதான் காரியம். சாதாரண வண்டியை எந்தப் புளியமரத்தடியிலும் அவிழ்த்துப் போடலாம். இதற்கு அகலம் வேண்டும். கண்ணாடிச் சன்னல் வடக்கே பார்க்க வேண்டும். நேர் வெயில் விழுந்தால் முகம் வெளுத்துப்போகும். தரை மட்டமாக இருக்க வேண்டும். நின்றதும் ஞானையா முன் சக்கரங்களைக் கழற்றி, வண்டியை மரக்கட்டைகளின் மேல் உட்காரவைத்துவிடுவார். சக்கரத்தின் மேலேயே விட்டால் ஆள் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆடும். ஆடினால் படம் கலங்கும். இவ்வளவும் பொருந்துகிற இடம் நம் ஊர்களில் எங்கே கிடக்கிறது? இருக்கிற இடத்தில் எல்லாம் களம், இல்லையென்றால் உரக்குழி.

அதனால் சாரம்மாள் வண்டிக்கு முன்னால் நடந்தே போவாள். ஊர் எல்லையைத் தாண்டும்போது கல்யாணப் பெண்ணுக்கு அடித்துக்கொள்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று அவளே சொல்வாள். அது பயமில்லை, குதூகலம். மணியகாரரைத் தேடிப் போகமாட்டாள். அவர் யோசிப்பார், யோசித்தால் இல்லை என்பார். நேரே ஒரு கடைக்குப் போய், "அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி" என்று ஆரம்பிப்பாள். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அந்த ஊரில் எந்த இடம் யாருடையது, யாருக்கும் யாருக்கும் ஆகாது, எல்லாம் தெரிந்துவிடும். இடம் பிடித்த பிறகு செம்பு நிறையத் தண்ணீரை வண்டித் தளத்தில் வைத்துப் பார்ப்பாள். விளிம்பில் தண்ணீர் ஒரு பக்கம் ததும்பினால், "அத்தான், கிழக்கால ஒரு விரக்கடை தூக்கணும்" என்பாள். ஞானையா முணுமுணுத்துக்கொண்டே கட்டையைத் தட்டுவார்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஊரில் சறுக்கினாள். லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம். பங்குனி மாதம். ஊர் செங்குறிச்சி, ஆற்றுக்குத் தென்கரையில்.

போய்ச் சேர்ந்தபோது ஊர் நிறைய ஜனம். பொம்மைக்காரன், வளையல்காரன், பொரிகடலைக்காரன் என்று இடமே இல்லை. சாரம்மாள் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் கீழத்தெருவும் வடக்குத்தெருவும் சேருகிற முக்கில் பார்த்தாள். விசாலமான இடம். பெருக்கி, தண்ணீர் தெளித்து, கல் மாதிரி இறுகின மட்டத் தரை. வடக்கே தோப்பும் சற்றுத் தள்ளித்தான், மறைப்பே இல்லாத வெளிச்சம். ஒரு கடை கிடையாது, ஒரு மாடு கிடையாது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"கர்த்தர் நமக்குன்னே பெருக்கி வச்சிருக்காரு அத்தான்!"

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்கவும் கேட்டாள். "நாளைக்குத் தேரு. அது வாரது வரைக்கும் நிக்கலாமே" என்றாள் பூக்காரி. சாரம்மாள் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். வண்டியை ஓரமாக ஒதுக்கினால் பாதித் தெரு காலி. ஒரு தேருக்கு அவ்வளவு வழி போதாதா என்று நினைத்துக்கொண்டாள்.

போதாது. இந்தப் பக்கத்தில் நடக்கப் பழகின பிள்ளைக்குக்கூடத் தெரியும், போதாது என்று. ஆனால் சாரம்மாள் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பத்தில், ஊர்ப் பேச்சில் வேதக்காரக் குடும்பத்தில், பிறந்தவள். தேர் பார்க்கப் போனால், சபையை நடத்துகிற கோயில்பிள்ளை ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கண்டிப்பார். அப்பமும் ரசமும் கொடுக்கிற இராப்போஜனத்தில் கை நீட்ட முடியாது. பிறந்தது முதல் அவள் தேரோட்டச் சத்தத்தைக் காதால் கேட்டதோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. ஊர்க்காரர்களோ, தெரியாத ஜென்மம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை. தேருக்கு முன்னால் எடுத்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே படம் எடுக்கத் திருவிழாக் கூட்டம் முண்டியடித்தது. கொண்டுவந்த தகடெல்லாம் தீர்ந்து, இரண்டு மூன்றுதான் மிச்சம். மறுநாள் விடிந்ததும் வண்டி வாசலில் செண்பகம் வந்து நின்றாள். கையில் இரண்டு மாதப் பிள்ளை. கூடவே குடையும் தகரப்பெட்டியுமாகத் திருஞானசம்பந்தம் என்ற ஒரு மனிதர். கொழும்பில் கடை வைத்திருப்பவர். அன்று மத்தியான ரயிலைப் பிடித்துத் தூத்துக்குடி போய்க் கப்பலேற வேண்டியவர்.

விஷயத்தை அவர்தான் சொன்னார். செண்பகத்தின் புருஷன் கோமதிநாயகம் கொழும்பில் மூட்டை தூக்குகிறான். அவன் போன பிறகு பிறந்த பிள்ளை இது. இப்போது அவனுக்கு விஷக் காய்ச்சல், படுத்த படுக்கை. கஞ்சி இறங்கவில்லை. மருந்தைத் துப்புகிறான். "பிள்ள மொகத்த ஒருக்கப் பாத்துட்டாப் போதும்னு பினாத்துதான். நா போற வரைக்கும் கெடப்பானோ மாட்டானோ. போறதுதான் போறேன், வெறுங்கையோடயா போவேன்?"

சாரம்மாளுக்கு அதைக் கேட்ட உடனே பரபரப்பு தொற்றிக்கொண்டது. "ஏறு தாயி, ஏறு" என்று செண்பகத்தை இழுத்து உட்காரவைத்தாள்.

பிள்ளை லேசுப்பட்ட பிள்ளையாக இல்லை. முதல் தகட்டில் தலையைத் திருப்பினான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூசணிக்காய்தான் விழுந்தது. இரண்டாவதில் காலை உதைத்தான், அழுதான். அதுவும் போயிற்று. மிஞ்சியது ஒரே தகடு.

"தூங்கட்டும். தூங்கும்போது எடுப்போம்" என்றார் ஞானையா.

செண்பகம் திடுக்கிட்டாள். "கண்ண மூடின படமா? செத்ததுகளுக்குல்லா அப்பிடி எடுப்பாக?"

அவள் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் சாவு விழுந்த பிறகு, கடைசி ஞாபகத்துக்கென்று படக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். ஞானையாவே எடுத்திருக்கிறார். ஆனாலும் வேறு வழி என்ன? செண்பகம் பாலைக் கொடுத்து, மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை தூங்குவதாக இல்லை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. திருஞானசம்பந்தம் குடையைத் திறந்தார், மூடினார், திறந்தார். கடைசியில் பிள்ளை கீழ் உதட்டைத் துருத்திக்கொண்டு கண்ணை மூடவும், வடக்குத்தெருக் கோடியில் வேட்டுப் போடவும் சரியாக இருந்தது.

பூக்காரி ஓடிவந்து வண்டியைத் தட்டினாள். "ஏ படவண்டியம்மா! இன்னும் வண்டிய எடுக்கலையா? தேரு வந்துட்டு!"

சாரம்மாள் இறங்கிப் பார்த்தாள். பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்கு முன்னால் வந்தது பிரமிப்பு. கோபுரம் ஒன்று எழுந்து நடந்து வருகிறது. ஆள் உயரச் சக்கரம். இரண்டு வடத்திலும் நூற்றுக்கணக்கான ஜனம். அவள் பார்வை நேரே அச்சுக்குப் போயிற்று. வண்டி நிறுத்துகிறவள் அல்லவா, ஒரே நொடியில் விளங்கிவிட்டது: இந்தச் சக்கரம் திரும்பாது! கட்டை போட்டுக் கட்டை போட்டுத்தான் இதைத் திருப்ப வேண்டும். அதற்கு இந்த முக்கு முழுவதும் வேண்டும். யார் பெருக்கி வைத்தது, எதற்காகப் பெருக்கி வைத்தது என்பதெல்லாம் அப்போதுதான் உறைத்தது.

மாடுகள் ஆற்றங்கரையில் மேய்கின்றன. முன் சக்கரங்கள் கழற்றிக் கிடக்கின்றன. உள்ளே பிள்ளை இப்போதுதான் தூங்கியிருக்கிறான். வண்டியைத் தொட்டால் எழுந்துவிடுவான். அந்த ஒரு தகடும் போய்விடும். சாரம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தேரை நோக்கி ஓடினாள்.

தேருக்கு முன்னால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குத் தலைவர் சிவசண்முகம். தோளில் வெள்ளைத் துண்டு. அவர் துண்டை உயர்த்தினால் வடம் தளரும், மேளமும் நின்றுவிடும். கட்டை போடுகிறவன் குரல் கேட்காவிட்டால் கால் போய்விடும் என்பதால் அங்கே அப்படி ஒரு கட்டுப்பாடு.

"அண்ணாச்சி! நிறுத்துங்க அண்ணாச்சி!"

"வெலகு தாயி! அந்த வண்டி ஒன்னோடதா? அம்பது பேர் கை கொடுத்தா அப்பிடியே தூக்கி அங்கன வச்சிருவோம். வெலகு!"

"தூக்குங்க, வேண்டாங்கல. ஒரு பிள்ளயப் படம் எடுக்கணும். எடுத்த பெறவு தூக்குங்க. அவுக அப்பா கொழும்புல சாகக் கெடக்காரு. இப்பத்தான் தூங்குச்சு, எழுந்துட்டா அவ்வளவுதான்!"

"யாரு மவன்?"

"கோமதிநாயகம்னாங்க."

சிவசண்முகத்தின் முகம் மாறிவிட்டது. போன பங்குனியில் வலது சக்கரத்துக்குக் கட்டை போட்டவன் கோமதிநாயகம். இந்த வருஷம் அந்த இடத்தில் நின்ற புது ஆள் காலையிலிருந்து தடுமாறிக்கொண்டிருந்தான். அவர் முக்கு வரைக்கும் தேரை வரவிட்டார். அங்கே துண்டை உயர்த்தினார். கட்டைகள் விழுந்தன. தேர் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

பின்னாலிருந்து யாரோ பெரிய மனிதர் சத்தம் போட்டார்: "என்னவே! வேதக்காரி வண்டிக்கா நம்ம தேரு நிக்கணும்?"

"வண்டிக்கு நிக்கல வே. திருப்பத்துல என்னைக்கும் நிக்கத்தானே செய்யுது? நா கட்டையச் சரிபாக்கேன். எல்லாரும் செத்த நேரம் வாய மூடுங்க!"

அது என்ன என்று அறியாமலே அவ்வளவு கூட்டமும் வாயை மூடியது. மேளம் நின்றது. சாரம்மாள் திரும்ப ஓடி வண்டியில் மூச்சிரைக்க ஏறினாள். ஞானையா படப்பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார்.

"கைய எடு தாயி. கை அசைஞ்சா கலங்கும்" என்றார்.

செண்பகம் தட்டுவதை நிறுத்தினாள். பிள்ளையின் உதடு நடுங்கியது, புருவம் சுருங்கியது.

"தட்டு! தட்டு! விட்டுராத!" என்று சாரம்மாள் கிசுகிசுத்தாள்.

"ஏட்டி, கை புகை மாதிரி விழும்!"

"விழட்டும் அத்தான். மூடியத் தொறங்க!"

மூடி திறந்தது. வெளியே அத்தனை ஜனம், ஒரு சத்தமில்லை. தேரின் மேல் கட்டியிருந்த சின்ன மணிகள் மட்டும் காற்றில் கிணுகிணுத்தன. எங்கோ ஒருவன் இருமலை அடக்கமாட்டாமல் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். சாரம்மாளுக்குத் தன் நெஞ்சுச் சத்தத்திலேயே பிள்ளை எழுந்துவிடுமோ என்று இருந்தது. செண்பகத்தின் கை மட்டும் பைய, பைய, தட்டிக்கொண்டே இருந்தது.

மூடி விழுந்தது. "ஆச்சு!" என்று ஞானையா கத்தினார். வெளியே அதைக் கேட்டதும் கூட்டம் ஒரு முழக்கம் போட்டது பாருங்கள், பிள்ளை தூக்கிவாரிப்போட்டு வீரிட்டது. ஊரே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

உடனே நெம்புதடிகளோடு ஆட்கள் வண்டியை மொய்த்துக்கொண்டார்கள். செண்பகமும் பிள்ளையும் இறங்கிவிட்டார்கள். ஞானையா இறங்கவில்லை. அவர் இருட்டறைக்குள் தகட்டை மருந்துத் தண்ணீரில் போட்டுவிட்டார், அதை விட்டு எப்படி வருவார்? பல்லக்கு மாதிரி வண்டி தோளில் எழும்பியது. உள்ளேயிருந்து, "பைய வே! ஏ பாவிகளா, பைய! மருந்து சிந்துது!" என்று அவர் அலற, அலற, நெல் மூட்டையை நகர்த்துகிற சுளுவில் தோப்புக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மேளம் தொடங்கியது. சிவசண்முகத்தின் துண்டு இறங்கியது. தேர் முனகிக்கொண்டு திரும்பி, வண்டி நின்றிருந்த தரையை முழுக்க அடைத்துக்கொண்டு போயிற்று. சாரம்மாள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கோயில்பிள்ளை ஞாபகம் அவளுக்கு அன்று முழுவதும் வரவில்லை.

படம் வந்தது. பிள்ளையின் முகம் கல்லில் செதுக்கினது போலத் தெளிவு. துருத்தின கீழ் உதடுகூடத் தெரிந்தது. ஆனால் மூடிய கண். அவன் நெஞ்சின் மேல் செண்பகத்தின் கை, ஞானையா சொன்ன மாதிரியே, வெறும் புகை.

செண்பகம் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. "இதப் பாத்தா அவுக என்ன நெனப்பாக? பிள்ளையும் போயிட்டுன்னுல்லா நெனப்பாக?"

இன்னொரு தகடு இல்லை. திருஞானசம்பந்தம் வாங்கி மடியில் செருகிக்கொண்டு, குடையும் பெட்டியுமாக ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காய்கிற களத்தோரம் நிறுத்தினார்கள். காயல்பட்டினத்தில் மணலில் சக்கரம் புதைந்து அரைநாள் கிடந்தார்கள். எங்கே போனாலும் சாரம்மாளுக்கு அந்தத் தகட்டின் நினைப்பு போகவில்லை. காய்ச்சலில் கிடக்கிறவன் கையில் செத்த பிள்ளை மாதிரி ஒரு படத்தைக் கொடுத்தனுப்பிவிட்டோமே என்று நினைத்து நினைத்து, ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லுவாள். ஞானையா கண்ணைத் திறந்து ஒரு தரம் பார்ப்பார், ஆமென் சொல்லுவார்.

ஆனி மாதம், கார் நெல் நடவு நடக்கிற சமயம், மறுபடியும் செங்குறிச்சி. வழக்கம்போல வண்டிக்கு முன்னால் நடந்தாள். ஆனால் இந்தத் தடவை கல்யாணப் பெண் நெஞ்சு இல்லை. வாய்க்கால் பாலம் வரைக்கும் வந்தவளுக்கு ஊருக்குள் போகக் கால் எழவில்லை.

எதிரே ஒருவன் வந்தான். எலும்பும் தோலுமான உடம்பு, தலையில் முடி இப்போதுதான் முளைக்கிறது. இடுப்பில் ஒரு பிள்ளை. பிள்ளை கீழ் உதட்டைத் துருத்திக்கொண்டிருந்தது.

சாரம்மாள் அந்த உதட்டையே பார்த்தாள். "நீங்க... கோமதிநாயகமா?"

"படவண்டியம்மாவா?" என்றான் அவன். "சிவசண்முக மாமா சொன்னாக, வருவீகன்னு."

வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவள் கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டுவிட்டாள். "அந்தப் படத்தப் பாத்து என்னய்யா நெனச்சீரு?"

"மூடின கண்ணப் பாத்தவுடன மூச்சே நின்னு போச்சு தாயி. ஒரு நேரம் அப்பிடியே கெடந்தேன். பெறவு மறுக்கவும் எடுத்துப் பாத்தேன். பிள்ளை மேல புகையா என்னவோ இருக்கேன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். அதுக்குள்ள கோடு மாதிரி காப்பு தெரிஞ்சுது. அவ கைன்னு தெரிஞ்சுது. தட்டிக்கிட்டுல்லா இருக்கா! செத்த பிள்ளய எவளாவது தட்டித் தூங்க வைப்பாளா? அன்னைக்குத்தான் கஞ்சி கேட்டுக் குடிச்சேன்."

சாரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவன் விடவில்லை, சந்தோஷத்தில் பேச்சு நிற்கவில்லை. "ரயில விட்டு இறங்கி வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கெடக்கு. நடவுக்குப் போயிருக்கான்னாக. வயக்கரைல அந்த மருத மரத்துல வரிசையாத் தொட்டில் தொங்குது. அவ்வளவு பேரும் நடுவயல்ல குனிஞ்சு நிக்காளுவ. ஒவ்வொரு தொட்டிலா வெலக்கிப் பாத்தேன். மத்ததெல்லாம் முழிச்சுக்கிட்டுக் காலை ஆட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒண்ணு மட்டும் தூங்குது, இந்த ஒதட்டத் துருத்திக்கிட்டு. எடுத்து நெஞ்சோட வச்சுக்கிட்டேன். முழிச்சிருந்தான்னா எம்பிள்ளய எனக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது தாயி."

அதற்குள் வண்டி பாலத்தில் கடகடவென்று வந்துவிட்டது. ஞானையா கீழே குதித்து, விஷயத்தைக் கேட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்பத் தகடு நெறைய இருக்கு. கண்ணத் தொறந்து, கையெல்லாம் தெளிவா இன்னொண்ணு எடுப்பமா?" என்றார்.

"எடுங்க. ஆனா முந்தினதத் தரமாட்டேன்" என்று கோமதிநாயகம் மடியைத் தொட்டுக்கொண்டான். பிறகு வண்டியை மேலும் கீழும் பார்த்தான். "இத எங்கன விடப் போறீக?"

சாரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நெஞ்சு மறுபடியும் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "அந்த முக்குல மட்டும் விடமாட்டேன்யா."

"அங்கனதான் விடணும். பங்குனிக்கு இன்னும் எம்புட்டோ நாள் கெடக்கு" என்றான் அவன். பிள்ளையை அவள் கையில் கொடுத்தான். மாடுகளுக்கு முன்னால் நடந்து போய், அந்த முக்கில் வண்டியை வடக்கே பார்க்கத் திருப்பி நிறுத்தி, தேருக்குக் கட்டை போட்ட பழைய இடத்தில் நிற்கிறவனைப் போல வலது சக்கரத்தடியில் குனிந்து கட்டையைப் போட்டான். சாரம்மாள் செம்பில் தண்ணீர் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கமும் ததும்பவில்லை.